தூங்காத பிள்ளையும் திட்டு வாங்கும் அம்மாவும்

மணி பத்தரை. விளக்கை அணைத்தாயிற்று. "அம்மா, தண்ணி", "அம்மா, பாத்ரூம்", "அம்மா, நாளைக்கு என்ன கிழமை?" ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் இது அன்றாடக் கூத்து. காலையில் எழாத பிள்ளைக்கு அடி. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட" என்று அம்மாவுக்குப் பேச்சு. இரண்டுமே அநியாயம். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தூக்கச் சிக்கல் அந்தப் பாதிப்போடு சேர்ந்தே வருகிறது.

6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் பெரியவர்கள் சோர்ந்து உட்காருவோம். பிள்ளைகளோ பல நேரம் இன்னும் ஆட்டம் போடுவார்கள், எரிந்து விழுவார்கள். நோய் முற்றிவிட்டது என்று நாம் பயந்துபோவோம்.

மெல்பர்ன் ஆய்வாளர்கள் 5 முதல் 12 வயதுக்குட்பட்ட 244 ஏ.டி.எச்.டி. பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பிரிவுக் குடும்பங்களுக்கு இரண்டு நேரடி ஆலோசனைகள், பிறகு ஒரு போன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளின் தூக்கம் சீரானது, ஏ.டி.எச்.டி. அறிகுறிகளும் ஓரளவு குறைந்தன. பெற்றோருக்குக் கைகொடுத்தால் பிள்ளை தூங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இத்தகைய ஆலோசனையில் சொல்லித்தரும் ஒரு வழி இது. பிள்ளை உண்மையில் பத்தரைக்குத்தான் தூங்குகிறது என்றால், ஒன்பதுக்கே படுக்கவைத்துப் போராட வேண்டாம். சில நாள் பத்தரைக்கே படுக்கட்டும். சட்டென்று தூங்கப் பழகியதும், சில நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் முன்னே இழுங்கள். காலையில் எழும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது. தண்ணீர், பாத்ரூம் எல்லாம் படுக்கும் முன்பே முடியட்டும். அதன் பிறகும் எழுந்து வந்தால் அதட்டாமல், கதை பேசாமல், திரும்பப் படுக்கவையுங்கள். ஒரே ஹாலில் குடும்பமே படுக்கும் வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தால் எந்த ஆலோசனையும் பலிக்காது. பாட்டியும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

தூங்கவைப்பதற்காக மெடிக்கல் ஷாப்பில் சளி சிரப் வாங்கி ஊற்றும் பழக்கம் ஆபத்தானது. சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக வேலைசெய்து படபடப்பைக் கூட்டும். தூக்கத்துக்கான மெலடோனின் மாத்திரையும் டாக்டர் சொல்லாமல் கூடாது. தினமும் குறட்டை, நடுவில் மூச்சுத் தடை இருந்தால் டான்சில், அடினாய்டு வீக்கமா என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் கால் குடைச்சல் என்றால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். ஏ.டி.எச்.டி. மாத்திரையைத் தாமதமாகப் போட்டாலும் தூக்கம் தள்ளிப்போகும். நீங்களாக நிறுத்தாமல், நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வகுப்பில் கண்ணயர்ந்ததற்காக அடிக்க எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு, 18 வயது வரை இலவசம். அதன் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இயங்குகிறது என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

இரவெல்லாம் விழித்து மனம் உடைந்துபோன பெற்றோர், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.