கடலை மிட்டாயும் பாகுப் பதமும்



சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் விற்கும் கடலை மிட்டாயைச் சுவைத்தறியாத தமிழ்ப் பிள்ளை நம் சிங்கப்பூரில் இருத்தல் அரிது. இதற்குப் பெயர் பெற்ற ஊர் தமிழகத்துக் கோவில்பட்டி. கரிசல் மண் சூழ்ந்த அவ்வூரின் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கும் கடலைக்கு ஒரு கதை உண்டு. முன்னாளில் திரையரங்கு வாயில்களில் 'கச்சாங் பூத்தே' விற்றவருள் தமிழரே மிகுதி. வறுத்த கடலையையும் சர்க்கரை பூசிய கடலையையும் காகிதச் சுருளில் நிரப்பித் தருவர். அவ்வணிகர் இன்று அருகிவிட்டனர்.

கடலை மிட்டாயை வீட்டிலேயே செய்யலாம். வேர்க்கடலை இரண்டு கோப்பை, வெல்லம் ஒரு கோப்பை, நீர் கால் கோப்பை, சிறிது ஏலப்பொடி, தட்டில் தடவ நெய், இவ்வளவே வேண்டுவன. முதலில் கடலையை ஆய்ந்து, சுருங்கியவற்றையும் பூசணம் பிடித்தவற்றையும் எறிந்துவிடுக. பூசண நஞ்சு வறுத்தாலும் முற்றும் நீங்காது. நல்லவற்றைச் சிறுதீயில் வறுத்து, ஆறியபின் தேய்த்துத் தோலைப் புடைத்துவிடுக. வெல்லத்தை நீரில் கரைத்து வடிகட்டினால் மண்ணும் தூசும் அகலும்.

இனிப் பாகு காய்ச்சும் வேலை. இதனைப் பெரியோர் செய்க. பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று காண்க. நீர் கொதிப்பது 100 பாகை வெப்பத்தில். பாகிலுள்ள நீர் ஆவியாகக் குறையக் குறைய, அதன் வெப்பமோ 140 பாகைக்கும் மேல் ஏறும். மேலே தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு கொதிநீரினும் கொடிதாகச் சுடும்.

ஒரு துளிப் பாகைக் குளிர்ந்த நீரில் விடுக. கரைந்தால் பதம் வரவில்லை. மெத்தென்று உருண்டாலும் போதாது. அது லட்டு போன்ற உருண்டைக்கு ஆகுமேயன்றி மிட்டாய்க்கு ஆகாது. இறுகிய துளியை ஒடித்தால் 'டக்'கென முறிதல் வேண்டும். அந்நொடியே அடுப்பை அணைத்து, ஏலப்பொடியையும் கடலையையும் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுமுன் கத்தியால் கீறிவிடுக. ஆறியபின் கீறினால் துண்டுகள் நொறுங்கும்.

பதம் தப்பாதபோதும் இரண்டே நாளில் மிட்டாய் பிசுபிசுப்பதேன் எனச் சில தாய்மார் வினவுவர். வெல்லம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நம் தீவிலோ காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டிற்கு மேல். ஆகவே, நன்கு ஆறிய துண்டுகளை உடனே காற்றுப் புகாத தகர டப்பாவில் இட்டு மூடுக. சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும். பள்ளிக்குக் கொணர்ந்து தோழருக்குக் கொடுக்குமுன் ஆசிரியரைக் கேட்டுக்கொள்க. வேர்க்கடலை உடலுக்கு ஒவ்வாத பிள்ளைகளும் உளர்.