கோவேறு கழுதைச் சந்தையில் ஒரு சனிக்கிழமை

“முதலில் பல்லைப் பார்க்காதே. காதைப் பார்” என்றார் தாத்தா.

என் சொந்தத் தாத்தா இல்லை, அறைத்தோழியின் தாத்தா. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் படிக்க அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்குப் போயிருந்தேன். வார இறுதி வந்தால் தோழி என்னையும் தன் தாத்தாவின் பண்ணைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அப்படிப் போன ஒரு சனிக்கிழமைதான் இந்தச் சந்தை. வரிசை வரிசையாகக் கோவேறு கழுதைகள், அவற்றை ஏற்றி வந்த டிரெய்லர் வண்டிகள், தகரக் கூரை போட்ட ஏல அரங்கு, காபி மணம், சாணி மணம். கூட்டத்தில் பெரும்பாலோர் வாங்க வந்தவர்கள். தாத்தா விற்க வந்திருந்தார்.

அவருக்கு வயது 74. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. இனிமேல் சேணத்தில் ஏறவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருடைய சவாரிக் கோவேறு கழுதை ரூபிக்கு வயது 14. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த விலங்கு 30 வயதைத் தாண்டியும் வாழும். கணக்கு எளிதுதான். அதைத் தாத்தா எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

ஈப்போவில் வளர்ந்த எனக்குக் ‘கழுதை’ ஒரு வசவுச் சொல். கணக்கில் தப்பு விட்டால் வகுப்பில் கிடைக்கும் பட்டம். கோவேறு கழுதையோ உயிரியல் பாடத்தில் வந்த ஒரு வரி. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு 63. ஒற்றைப்படையில் இருப்பதால் அவை சரியாக இணைசேர முடியாது. அதனால் மிக மிக அரிதாகவே குட்டி ஈனும். தேர்வுக்கு அவ்வளவு போதும்.

மிசூரியில் அது அவ்வளவோடு நிற்காது. 1995 முதல் கோவேறு கழுதைதான் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ விலங்கு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு வேண்டிய கோவேறு கழுதைகள் அங்குள்ள லேத்ரோப் என்ற சிற்றூரில் திரட்டப்பட்டுக் கப்பலேறின. அமெரிக்காவில் இந்த மோகத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன். உயர்ந்த இனக் கழுதைகளை ஸ்பெயின் நாட்டை விட்டு வெளியே விடாத காலம் அது. 1785-இல் மன்னர் மூன்றாம் சார்ல்ஸ் அனுப்பிய ஆண் கழுதை ஒன்று வாஷிங்டனின் பண்ணைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு ‘ராயல் கிஃப்ட்’, அதாவது ‘அரச பரிசு’ என்று அவர் பெயர் வைத்தார். அப்போது அவர் இன்னும் அதிபர் ஆகவில்லை.

தமிழில் இதற்கு என்ன பெயர் என்று தாத்தா ஒரு நாள் கேட்டார். சொன்னேன். பொருள் கேட்டார். அதுவரை நான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. கோ என்றால் அரசன். கோ ஏறும் கழுதை. “அப்படியானால் உங்கள் ஆட்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது” என்றார். தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்கு ‘அத்திரி’ என்ற பழைய சொல் நினைவுக்கு வரலாம். உப்பங்கழியில் சுறா தாக்கிக் கால் புண்பட்ட அத்திரி ஒன்று அகநானூற்றில் வருகிறது. இதைச் சொன்னதும் அவர் கவலையோடு கேட்டார்: “பிறகு அந்தக் கால் ஆறியதா?”

சந்தைக்கு இரண்டு வாரம் முன்பு ரூபி மேல் என்னை ஏற்றிவிட்டார்கள். குதிரைக்கு உள்ளதுபோல் இதற்குத் தோள் மேட்டில் உயரம் இல்லை. அதனால் இறக்கத்தில் சேணம் முன்னால் வழுக்கும். அதைத் தடுக்கப் பின்தொடையைச் சுற்றி ஒரு பட்டை வார் கட்டுகிறார்கள். குளம்பு குதிரையுடையதைவிடக் குறுகலானது, உறுதியானது. கற்கள் நிறைந்த மலைப் பாதையில் அது காலை எடுத்து வைக்கும் நிதானம் எனக்கு வியப்பாக இருந்தது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்க இதைத்தான் நம்புகிறார்கள். அங்கே சூபாய் என்ற பழங்குடி ஊருக்கு அஞ்சல் போவதும் இதன் முதுகில்தான்.

காட்டுப் பாதையில் ஒரு சிறிய மரப் பாலம். ரூபி நின்றுவிட்டது. குதிகாலால் தட்டினேன். அசையவில்லை. கடிவாள வாரை உதறினேன். காது இரண்டையும் முன்னால் நீட்டிப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நின்றது. பின்னால் சிறு வண்டியில் வந்த தாத்தா, “சும்மா உட்கார்” என்றார். இரண்டு நிமிடம் இருக்கும், எனக்கு அரை மணி நேரம். பிறகு தானாகவே நடந்து பாலத்தைக் கடந்தது. பலகை உடைந்திருந்ததோ என்று திரும்பும்போது இறங்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, புதுப் பலகைகள். போன மாதம்தான் மாற்றினார்களாம். திரும்பி வரும்போது ரூபி நிற்காமல் கடந்தது.

பயந்தால் குதிரை ஓடும், கோவேறு கழுதை நிற்கும் என்பது அவர் விளக்கம். அந்த நிற்றலுக்குத்தான் உலகம் முழுவதும் பிடிவாதம் என்று பெயர். குதிரையை அடித்து விரட்டினால் சாகும்வரை ஓடக்கூடும். இது தன்னால் முடிந்த அளவுக்கு மேல் உழைக்காது. தீனி குறைவாக இருந்தாலும் தாங்கும். ஆனால் வளர்ப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டும். வேலியை நம்ப முடியாது: ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். இரவில் ரக்கூன் வேட்டைக்குப் போகிறவர்கள் முள்கம்பி வேலியில் ஒரு கம்பளத்தைப் போட்டுவிட்டு இதைத் தாண்டச் சொல்வார்களாம். ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் பீ ரிட்ஜ் ஊரில் அதற்கென்றே போட்டி நடக்கிறது.

சந்தைக்கு வருவோம். ஏலத்துக்கு முன் விலங்குகளைக் காட்டுவார்கள். ஒருவர் தன் கோவேறு கழுதை மேல் நின்றுகொண்டு குடையை விரித்தார். இன்னொருவர் தரையில் விரித்த தார்ப்பாய் மேல் நடக்கவிட்டார். காட்சி நன்றாகத்தான் இருந்தது. சாதுவாகத் தெரிய மருந்து கொடுத்து அழைத்து வருகிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு என்று தோழி காதில் சொன்னாள். அப்போதுதான் தாத்தா காதைப் பார்க்கச் சொன்னார். “பல் அதன் வயதைச் சொல்லும். உன்னைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்பதைக் காதுதான் சொல்லும்.”

ரூபியின் எண் வந்ததும் தோழி ஏறி அரங்குக்குள் ஓட்டினாள். தாத்தா கைத்தடியோடு மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினார். “அவசரக்காரர் கையில் இவள் பிடிபடமாட்டாள். புதிதாக எதைக் கண்டாலும் நின்று பார்ப்பாள். இடது பின்னங்காலை லாடம் அடிப்பவரிடம் கொடுக்க யோசிப்பாள். மற்றபடி பன்னிரண்டு ஆண்டில் ஒரு முறைகூட என்னைக் கீழே தள்ளியதில்லை.” ஈப்போவில் பழைய கார் விற்கிறவர் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மருத்துவமனைக் கட்டணத்தில் இன்னும் பாக்கி இருந்தது.

ஏலக்காரர் மூச்சு விடாமல் பாடுவதுபோல் விலை சொல்ல, கூட்டத்தில் கை உயரும்போதெல்லாம் உதவியாளர்கள் கத்தினார்கள். 3,000 டாலரில் தொடங்கி மளமளவென்று 6,000. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு இரண்டு ஆண்கள் மட்டும். 7,200-இல் ஒருவர் வென்றார். நம் ஊரில் பழைய மைவி ஒன்று வாங்கும் பணம்.

அங்கே ஒரு வழக்கம்: கடைசி விலை பிடிக்காவிட்டால் விற்பவர் மறுக்கலாம். ஏலக்காரர் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா தலையை ஆட்டினார், இல்லை என்று.

வென்றவர் வியாபாரி. அடுத்த சந்தையில் லாபம் வைத்து விற்பார். அது அவர் தொழில், தவறில்லை. ஆனால் ரூபி யாரிடம் போகும் என்பது யாருக்கும் தெரியாது. அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து காபி வாங்கப் போனார். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். பரிமாற்ற மாணவியாக ஒவ்வொரு டாலரையும் ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்துச் செலவழித்தவள் நான்.

பட்டிக்குத் திரும்பியபோது சிவப்புத் தொப்பிக்காரர் அங்கே நின்றிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவராம். அவர் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை. “காலையில் எத்தனை மணிக்குத் தீனி போடுவீர்கள்?” பிறகு உள்ளே போகலாமா என்று கேட்டார். போனவர் ரூபியிடம் நெருங்கவே இல்லை. வேலியில் சாய்ந்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிடம். இருபது நிமிடம். தோழி என்னவோ பேச வாய் திறந்தாள். தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார். ரூபியின் ஒரு காது திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து மற்றதும். பிறகு நடந்து வந்து அவர் தோளில் மூச்சை ஊதியது. அப்போதும் அவர் திரும்பவில்லை.

6,000 டாலருக்கு முடிந்தது. சந்தைக்கு வெளியே பணத்தை வாங்கிக்கொண்டிருந்தால் தரகு மிச்சமாகியிருக்கும். தாத்தா நொண்டி நொண்டி அலுவலகம் வரை நடந்து, அங்கேயே பதிவு செய்து, தரகையும் கட்டினார். சேணத்துக்குக் காசு வாங்கவில்லை. “ரூபி முதுகுக்கு அளந்து செய்தது, வேறு எதற்கும் பொருந்தாது” என்றார். அம்மா அவர் கையில் காபியைக் கொடுத்தார். சர்க்கரை அதிகம் என்று அவர் குறை சொன்னார்.

பண்ணைக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம். அவரேதான் ஓட்டினார். பின்னால் காலி டிரெய்லர் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வளைவு வரும்போதும், உள்ளே ஒருத்தி நிற்பதுபோல், வேகத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார்.