நேட் டைப் ஸ்ட்ரிக்ட்: பூட்டு எந்த கேட்டில் இருக்கிறது?

என் மகனின் நெருங்கிய நண்பன், அவன் அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆனதால் போன வருஷம் வேறு ஊருக்குப் போய்விட்டான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் எக்ஸ்பாக்ஸில் பேசிக்கொண்டே சேர்ந்து விளையாடுவார்கள். இருவருக்கும் மிச்சமிருந்த தொடர்பு அது ஒன்றுதான். இந்த மே மாதம் பழைய பிராட்பேண்டை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டேன். வேகம் பல மடங்கு கூடியது. ஆனால் அந்த வாரத்திலிருந்து நண்பனின் குரல் கேட்கவில்லை, அவனுடைய ஆட்டத்தில் சேரவும் முடியவில்லை. திரையில் "நேட் டைப்: ஸ்ட்ரிக்ட்" என்று வந்தது.

"நீங்க இன்ஜினியர்தானேப்பா, சரி பண்ணுங்க" என்றான். அதில் மூன்று சனிக்கிழமை போனது. நான் தேடிய வரிசையே தப்பு. உங்களுக்கு அந்த நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நேட் என்ன செய்கிறது?

ஓர் அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியுலகுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. உள்ளே இருபது வீடுகள். கேட்டில் வாட்ச்மேன், கையில் ரிஜிஸ்டர். உள்ளிருந்து யாராவது வெளியே கடிதம் அனுப்பினால், அவர் ஒரு டோக்கன் எண் போட்டு, எந்த வீடு, யாருக்கு என்று குறித்துக்கொள்வார். பதில் அந்த டோக்கனோடு வந்தால் சரியான வீட்டில் சேர்த்துவிடுவார். ரிஜிஸ்டரில் இல்லாத ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

உங்கள் ரவுட்டர்தான் அந்த வாட்ச்மேன். டோக்கன் என்பது போர்ட் எண். 192.168 என்று தொடங்கும் முகவரிகள்தான் உள்ளே இருக்கும் வீடுகள். யூடியூப் பார்ப்பதற்கோ மெயில் படிப்பதற்கோ இதனால் தொந்தரவே இல்லை, ஏனென்றால் பேச்சை எப்போதும் நாம்தான் ஆரம்பிக்கிறோம். ஆனால் பல கேம்களிலும் வாய்ஸ் சாட்டிலும் இரண்டு வீட்டுக் கன்சோல்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் வாட்ச்மேன் இருந்தால் முதலில் யார் உள்ளே போவது?

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. இரண்டு கன்சோலும் முதலில் பொதுவான ஒரு சர்வரோடு பேசும். ஒவ்வொன்றும் வெளியே எந்த முகவரியில், எந்த டோக்கனில் தெரிகிறது என்பதை சர்வர் மற்றதற்குச் சொல்லிவிடும். பிறகு இரண்டும் ஒரே சமயத்தில் ஒன்றையொன்று கூப்பிடும். தன் வீட்டுக்காரர் அந்த ஆளுக்குத்தான் கடிதம் போட்டிருக்கிறார் என்று இரண்டு ரிஜிஸ்டரிலும் பதிவாகிவிடும், கேட் திறக்கும்.

சில வாட்ச்மேன்கள் ரொம்பக் கறார். ஒவ்வொரு ஆளுக்கும் புது டோக்கன் போடுவார்கள். அப்போது சர்வர் சொன்ன எண் நண்பனுக்குப் பயன்படாது. எக்ஸ்பாக்ஸ் ஸ்ட்ரிக்ட் என்று காட்டும் நிலைமை பெரும்பாலும் இதுதான். கணக்கு எளிது: ஓப்பன் யாரோடும் சேரும். மாடரேட், ஓப்பனோடும் மாடரேட்டோடும் சேரும். ஸ்ட்ரிக்ட், ஓப்பனோடு மட்டும்தான் சேரும்.

நான் செய்த தப்பு

முதல் சனிக்கிழமை ரவுட்டரில் யூபிஎன்பியை ஆன் செய்தேன். கன்சோல் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே கேட்டுத் திறந்துகொள்ளும் வசதி இது. பலன் இல்லை. அதை ஆஃப் செய்துவிட்டு, கன்சோலுக்கு நிரந்தர உள்முகவரி கொடுத்து, யூடிபி 3074 போர்ட்டை அதற்குத் திருப்பிவிட்டேன். அப்போதும் ஸ்ட்ரிக்ட்தான்.

இரண்டாவது வாரம்தான் கவனித்தேன், ஃபைபர் கம்பெனி மாட்டிய பெட்டியும் ஒரு ரவுட்டர். அதற்குப் பின்னால் என் ரவுட்டர். ஆக இரண்டு வாட்ச்மேன்! கம்பெனி பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அப்படியும் ஸ்ட்ரிக்ட்.

மூன்றாவது வாரம், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும் வேன் ஐபியையும், "என் ஐபி என்ன" என்று இணையத்தில் தேடினால் வரும் ஐபியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு. ரவுட்டரில் இருந்தது 100 என்று தொடங்கியது. அதாவது தெருமுனையில் இன்னொரு கேட், இன்னொரு வாட்ச்மேன். அவர் கம்பெனியின் ஆள். என் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

இதற்குப் பெயர் கேரியர் கிரேட் நேட். ஐபிவி4 முகவரி 32 பிட், மொத்தமே சுமார் 430 கோடி. பற்றாக்குறை வரும் என்று தெரிந்துதான் 1994ல் நேட் ஒரு தற்காலிக ஏற்பாடாக முன்வைக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. 2012ல், இப்படி நடுவில் நிற்கும் நேட்டுக்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகளை ஒதுக்கினார்கள். பழைய பிராட்பேண்டில் எனக்குத் தனியாக ஒரு பொது முகவரி இருந்தது. புதியதில் பலரோடு பங்கு.

கஸ்டமர் கேரில் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றே இரண்டு முறை சொன்னார்கள். மூன்றாம் முறை "கேமிங் பிரச்சினை" என்று சொல்லாமல், "நான் சிஜி நேட்டில் இருக்கிறேன், பப்ளிக் ஐபி வேண்டும்" என்றேன். மாதம் கொஞ்சம் கூடுதல் கட்டணம், மறுநாளே கிடைத்தது. திறந்துவைத்த 3074 அப்போதுதான் வேலை செய்தது. நேட் டைப்: ஓப்பன்.

உங்கள் வீட்டில் என்றால்

- முதலில் அந்த இரண்டு ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் உங்கள் ரவுட்டரிலேயே தீர்வு இருக்கிறது.
- வேறு என்றால் முன்னால் இன்னொரு நேட் இருக்கிறது. வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் அநேகமாக வீட்டுக்குள்ளேயே இரண்டு ரவுட்டர். ஒன்றை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுங்கள்.
- 100.64 முதல் 100.127 வரை என்றால் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். சில இடங்களில் 10 என்று தொடங்கும் முகவரியும் வரும்.
- யூபிஎன்பி அல்லது போர்ட் ஃபார்வர்டிங், ஏதாவது ஒன்று போதும். யூபிஎன்பி வீட்டிலிருக்கும் எந்தச் சாதனம் கேட்டாலும் கதவைத் திறந்துவிடும், மலிவு விலை கேமரா கேட்டாலும்கூட. அதனால் எனக்குப் பிடித்தது ஃபார்வர்டிங்.
- டிஎம்இசட் என்று ஒன்று இருக்கும். அது கேட்டையே கழற்றி வைப்பது மாதிரி. கம்ப்யூட்டருக்கு வேண்டவே வேண்டாம்.

ஐபிவி6ல் முகவரிப் பஞ்சம் இல்லை, எனவே இந்த நேட் தேவையும் இல்லை. நிரந்தரத் தீர்வு அதுதான். ஆனால் நண்பன் வீட்டிலும் அது இருக்க வேண்டும்.

நண்பனின் அம்மாவிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுங்கண்ணா, கேபிள்காரர் வந்து மாட்டிட்டுப் போனது" என்றார். அங்கேயும் ஸ்ட்ரிக்ட்தான், முதலிலிருந்தே. இத்தனை நாள் அவர்கள் பேசிக்கொண்டது எங்கள் பக்கம் ஓப்பனாக இருந்ததால்தான். புது இணைப்பு வாங்கி நானே அதைப் பூட்டியிருக்கிறேன். நல்லவேளை, ஒரு பக்கம் திறந்திருந்தால் போதும். அவர்கள் வீட்டில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் இரண்டரை மணி நேரமானது. நான் ஒன்றும் சொல்லவில்லை.