கடற்பசுவின் காலமும் சந்தையின் காலமும்

கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட புத்தளம் கடனீரேரி வடக்கே மன்னார் வளைகுடாவை நோக்கித் திறந்து கிடக்கிறது. ஆழங்குறைந்த இந்நீரின் அடியிற் கடற்புல் பரந்துள்ளது. இக்கரையோரக் கடலிற் கடற்புல்லையே நம்பி வாழும் விலங்கு கடற்பசு. ஆவுளியா எனவும் அதனை வழங்குவர். மீனின் தோற்றமுடையதாயினும் அது பாலூட்டி; யானைக்கு உறவுடைய இனம்.

மூன்று மீற்றர் வரை வளரும் இவ்விலங்கு புல்லை வேரோடு கெல்லித் தின்பதால், அது மேய்ந்த தடம் கடலடியிற் புல்லற்ற கோடாகத் தெரியும். சில நிமிடங்களுக்கொருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும்; வலையிற் சிக்கினால் மூச்சடைத்தே சாகும். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வாழக்கூடியதாயினும் அதன் இனப்பெருக்கம் மிக மந்தமானது. கருக்காலம் பதின்மூன்று மாதங்களுக்குக் குறையாது. ஒரு முறைக்கு ஒரே கன்று. அக்கன்று ஒன்றரை ஆண்டளவும் பால் குடிக்கும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும்.

சந்தையின் காலக்கணக்கோ வேறு. குளிர்மிகுந்த பெரிங் கடலில் 1741 இல் ஸ்டெல்லர் என்னும் இயற்கையியலாளர் கண்டு விவரித்த இதன் பேருருவ உறவினம், மென்மயிர் வேட்டைக்குச் சென்றோரின் உணவாகி 1768 அளவில் அழிந்தொழிந்தது. இருபத்தேழே ஆண்டுகள்! நமது கரையிலோ நைலோன் வலையும் இயந்திரப் படகும் வந்தன. வெடிவைத்து மீன்பிடித்தலும் பரவிற்று. 1980களில் ஏற்றுமதிக்கான இறாற் பண்ணைகள் கடனீரேரிக் கரைகளிற் கண்டற் காடுகளைத் தின்றன. 1996 இல் வெண்புள்ளி நோய் தாக்கியபின் பல குளங்கள் கைவிடப்பட்டன. இலாபம் வெளியேறியது, அழிந்த கரை எஞ்சியது.

இலக்கிய மாணவர்க்கு இங்கு என்ன வேலை என வினவலாம். தொல்காப்பியம் விலங்கையும் மரத்தையும் புள்ளையும் மக்களின் தொழிலையும் கருப்பொருள் என்னும் ஒரே வகையுள் அடக்கியது. உரையாசிரியர்கள் இதனைப் பட்டியலாகவே கண்டனர் என்பது வேறு விடயம். இன்றைய பாதுகாப்புச் சிந்தனை விலங்கைத் தொழிலிலிருந்து பிரித்தெடுக்கிறது. கடற்பசுவைக் கொல்வது இலங்கையிற் குற்றம், அது நியாயமே. ஆயின் சட்டத்தின் பிடியில் முதலில் அகப்படுபவன் சம்மாட்டியிடம் முற்பணம் பெற்றுக் கடலுக்குச் சென்ற தொழிலாளியே.

பாக்கு நீரிணையின் மறுகரையில், 2022 இல் தமிழ்நாட்டரசு 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அங்கு வலையிற் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவிக்கும் மீனவருக்கு ஊக்கத்தொகை உண்டு. கற்பிட்டியில், அறுத்த வலையின் விலை சம்மாட்டியின் கணக்கேட்டில் தொழிலாளியின் பெயருக்கு நேரே ஏறுமாயின், அவன் எதை நம்பி வலையை அறுப்பான்?