அயனி நீர்மங்களின் பசுமைத் தன்மை: சூளகிரித் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆவியாகாமை என்னும் பண்பு கருதியே அயனி நீர்மங்கள் பசுமைக் கரைப்பான்கள் எனப் போற்றப்படுகின்றன. ஆற்றையும் கிணற்றையும் நம்பியுள்ள சூளகிரி போன்ற தொழிற்பகுதிக்கு அப்பண்பு மட்டும் போதாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அயனி நீர்மம், கரைப்பான், கோலின் குளோரைடு, தென்பெண்ணை

முன்னுரை

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையில் அமைந்தது சூளகிரி. இவ்வட்டாரத்தில் வாகன உதிரிப்பாகத் தொழிற்கூடங்கள் பெருகியுள்ளன. உலோகத்தில் படிந்த எண்ணெயை நீக்கவும் வண்ணம் பூசவும் இத்தகைய தொழில்களில் கரைப்பான்கள் பயன்படுகின்றன. டொலுவீன் போன்ற கரிமக் கரைப்பான்கள் எளிதில் ஆவியாகித் தொழிலாளரின் மூச்சில் கலக்கின்றன; தீப்பற்றும் இயல்பும் உடையன. இவற்றுக்கு மாற்றாகவே அயனி நீர்மங்கள் முன்வைக்கப்படுகின்றன.

அமைப்பும் பண்பும்

சமையல் உப்பு 801° செல்சியசில் உருகுகிறது. அதன் சிறிய அயனிகள் ஒழுங்காக அடுங்கி வலுவாகப் பிணைந்திருப்பதே காரணம். பருத்த, சமச்சீரற்ற அயனிகளாலான உப்புகளில் அவ்வடுக்கு எளிதில் குலைகிறது. 100° செல்சியசுக்குக் கீழ் உருகும் இத்தகைய உப்புகளே அயனி நீர்மங்கள். 1914-இல் பால் வால்டன் ஆராய்ந்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டு ஏறத்தாழ 12° செல்சியசிலேயே உருகுவது. அயனிகளுக்கு இடையிலான மின்னீர்ப்பால் இவற்றின் ஆவியழுத்தம் மிகக் குறைவு.

நீர் என்னும் அளவுகோல்

காற்றில் கலவாத பொருள் கழிவுநீரில் கலத்தல் கூடும். பல அயனி நீர்மங்கள் நீரில் கரைவன. சில எளிதில் மக்குவதில்லை. இமிடசோலிய அயனியின் பக்கச்சங்கிலி நீள நீள, நீர்வாழ் உயிரிகளுக்கு அதன் நச்சுத்தன்மை பொதுவாக மிகுகிறது. ஹெக்சாபுளோரோபாஸ்பேட்டு அயனி நீருடன் வினைபுரிந்து, நச்சும் அரிப்புத்தன்மையும் வாய்ந்த ஹைட்ரஜன் புளோரைடை வெளியிடக்கூடும்.

சூளகிரி தென்பெண்ணை வடிநிலத்தில் உள்ளது. அவ்வாற்று நீரைக் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகள் பாசனத்திற்குத் தேக்குகின்றன. கெலவரப்பள்ளியிலிருந்து நீர் நுரை பொங்கப் பாய்வது பலமுறை செய்தியாகியுள்ளது. ஏற்கெனவே கழிவின் சுமை தாங்கும் இவ்வாற்றில், மக்காத புதிய உப்பொன்று சேர்வதைப் பசுமை எனல் பொருந்தாது.

தேர்வும் மீட்பும்

இதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, தீங்கு குறைந்த மூலப்பொருள்களைத் தேர்தல். கோழித்தீவனத்தில் சேர்க்கப்படும் கோலின் குளோரைடு ஒரு பங்கும், உரமாகப் பயன்படும் யூரியா இரு பங்கும் மூலக்கூறு விகிதத்தில் கலந்தால், ஏறத்தாழ 12° செல்சியசில் உருகும் நீர்மம் கிடைக்கும் என ஆண்ட்ரூ அபாட் குழுவினர் 2003-இல் காட்டினர். இது தூய அயனி நீர்மம் அன்று. அதனோடு நெருங்கிய உறவுடைய நல்லுருகு கலவை. கோலின் குளோரைடுடன் மூவிணைதிறக் குரோமிய உப்பைச் சேர்த்து மின்முலாம் பூசும் முறையும் ஆராயப்பட்டுள்ளது. புற்றுநோய் விளைவிக்கும் அறுவிணைதிறக் குரோமியத்தை இம்முறை தவிர்க்கிறது.

இரண்டாவது, மீட்டெடுத்தல். ஜெர்மனியின் பிஏஎஸ்எப் நிறுவனம், வினையில் உண்டாகும் அமிலத்தை மெத்தில் இமிடசோலைக் கொண்டு அகற்றுகிறது. அப்போது தோன்றும் உப்பு ஏறத்தாழ 75° செல்சியசில் உருகித் தனி அடுக்காகப் பிரிகிறது. அதிலிருந்து மெத்தில் இமிடசோல் மீண்டும் பெறப்படுகிறது.

முடிவுரை

ஒரு கரைப்பானின் பசுமையை அதன் ஆவியழுத்தம் மட்டும் உறுதிசெய்வதில்லை. அது மக்கும் தன்மை, நீர்வாழ் உயிரிகளுக்கு அதன் நச்சுத்தன்மை, மீட்கப்படும் அளவு ஆகிய மூன்றும் உடன் ஆராயப்படல் வேண்டும். தொழிற்கூடமும் வேளாண் கிணறும் அருகருகே உள்ள சூளகிரியில், இம்மூன்றும் தெளிவாகாமல் எந்த அயனி நீர்மத்தையும் பசுமைக் கரைப்பான் என ஏற்றல் தகாது.