ஓலைச்சுவடிக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது!

ஜூன் ஒண்ணாம் தேதி என்றால் நம்ம சிப்காட் ஆசாமிகளுக்கு என்ன ஞாபகம் வரும்? சம்பளம்! அடுத்த நிமிஷமே ஸ்கூல் ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டுப் புத்தகம்... அத்திப்பள்ளி தாண்டிய பெங்களூர் பஸ் மாதிரி, வந்த சம்பளம் கண்ணை மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் அதே ஜூன் ஒண்ணாம் தேதி வேறு மாதிரி. ஊர்ப் பொது நூலகத்தின் முன்னால் மக்கள் கூடுகிறார்கள். விளக்கேற்றுகிறார்கள். பூ வைக்கிறார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார்கள். தலைவர்களுக்கு நினைவு நாள் பார்த்திருக்கிறோம். புத்தகங்களுக்கு நினைவு நாள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

விஷயத்துக்கு வருவோம். 1981 ஜூன் 4-ம் தேதி இலங்கையில் மாவட்ட சபைத் தேர்தல். அதற்கு நாலு நாள் முன்பு, மே 31-ம் தேதி, யாழ்ப்பாணத்தில் ஒரு தேர்தல் கூட்டத்தில் போலீஸார் சுடப்பட்டார்கள். இருவர் இறந்தார்கள். அன்று இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் போலீஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் ஊரைக் கொளுத்தினார்கள். 'ஈழநாடு' பத்திரிகை ஆபீஸ் எரிந்தது. எம்.பி. யோகேஸ்வரனின் வீடு எரிந்தது. பொது நூலகமும் எரிந்தது. உள்ளே இருந்தவை சுமார் 97,000 புத்தகங்கள், கூடவே ஓலைச்சுவடிகள்.

அடியேன் பி.காம். எதையும் வரவு - செலவு போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். போட்டுப் பார்க்கலாமா?

வரவு: 1933-ல் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்க ஆரம்பிக்கிறார். பெரிய ஜமீன்தார் எல்லாம் இல்லை. கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தவர். நம்மைப் போல ஆபீஸ் போய் வந்த மனிதர்! அடுத்த வருஷம் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஆஸ்பத்திரி ரோட்டில் வாடகைக்கு ஒரு ரூம் பிடித்தார்கள். ஓப்பனிங் பேலன்ஸ் 844 புத்தகம். அப்புறம் ஊரே காசு போட்டது. அயர்லாந்திலிருந்து வந்த லாங் பாதிரியார் நிதி திரட்ட அலையாய் அலைந்தார். நம்ம சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், அதாவது இந்திய நூலகவியலின் தந்தை, ஆலோசனை சொன்னார். சென்னை அரசின் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். 1959 அக்டோபர் 11-ம் தேதி திறப்பு விழா. ஆக, அந்த வெள்ளைக் கட்டடத்தில் தமிழ்நாட்டு மூளையும் கலந்திருக்கிறது.

செலவு: ஒரே ஒரு ராத்திரி.

பல மொழிகள் கற்ற தாவீது அடிகள் அப்போது புனித பத்திரிசியார் கல்லூரியில் இருந்தார். மாடியிலிருந்து தீயைப் பார்த்தவர், அந்த அதிர்ச்சியிலேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். இதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது? எனக்குப் பாடம் நடத்திய எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

"எங்கோ கடல் தாண்டி நடந்தது, நமக்கென்ன சார்?" என்று ஓசூர்க்காரர் யாரும் கேட்க மாட்டார். மொழியின் பேரால் கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று எல்லையில் இருப்பவனுக்குத் தெரியும். 2016 செப்டம்பர் 12 ஞாபகம் இருக்கிறதா? காவிரிப் பிரச்னையில் பெங்களூரில் ஒரே டிப்போவில் 40-க்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு தனியார் பஸ்கள் எரிந்தன. பஸ் ஓடாமல், பெட்டியும் குழந்தையுமாக அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடிக்கு மக்கள் நடந்தே வந்தார்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கம்பெனியில் கன்னடம் என்று நிம்மதியாகக் காலம் தள்ளுகிறவர்கள். அதனால்தான் அந்தப் புகை இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். பஸ் எரிந்தால் இன்ஷூரன்ஸ் உண்டு. மறு வருஷம் புது பஸ் ரோட்டில் ஓடும். அச்சடித்த புத்தகம் எரிந்தால்கூட வேறு ஊரில் இன்னொரு பிரதி கிடைக்கலாம். ஒரே பிரதியாக இருந்த ஓலைச்சுவடிக்கு எந்தக் கம்பெனி பாலிசி கொடுக்கும்?

சரி, அப்புறம் யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் நமக்குப் பாடம். கரிபிடித்த சுவரை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட வேண்டும் என்று ஒரு பக்கம். இல்லை, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற இடமாக மறுபடி எழ வேண்டும் என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருந்தது. நடுவில் போர் வேறு. கடைசியில் 2000-களின் தொடக்கத்தில் கட்டடம் பழைய தோற்றத்திலேயே எழுந்தது. தெற்கே சிங்கள மக்களிடமிருந்தும் புத்தகங்கள் வந்தன என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும். 2016-ல் பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க, எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டார். தண்டனை? ஒருவருக்கும் கிடையாது.

இன்று அங்கே வாசலில் சரஸ்வதி சிலை. உள்ளே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். ஒரு நாள் விளக்கேற்றிவிட்டு மற்ற நாட்களில் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், நினைவு நாளுக்கு அர்த்தம் கொடுப்பது அதுதான். 1992-ல் குண்டுவீச்சில் எரிந்த சரயேவோ நகர நூலகக் கட்டடத்தையும் இப்படித்தான் விடாமல் நின்று, 2014-ல் திறந்தார்கள்.

ஈழத்துத் தமிழர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். 'நூலகம்' என்ற பெயரிலேயே 2005-ல் ஒரு மின்நூலகம் தொடங்கி, பழைய புத்தகம், பத்திரிகை, மலர் என்று ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். காசில்லாமல் யாரும் படிக்கலாம். கம்பெனிக்காரன் கொடுக்காத பாலிசியை அவர்களே எழுதிக்கொண்டார்கள்!

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது நம்ம மாகாணம்தான், 1948-ல். சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள், ரூபாய்க்குப் பத்து பைசா வீதம். வாடகை வீட்டில் இருக்கிறவர் சிரிக்க வேண்டாம். ஓனர் அதையும் உங்கள் வாடகையில்தான் ஏற்றியிருப்பார்! பணம் கட்டிவிட்டு, பொருளை வாங்காமல் வருகிற ஒரே கடை நூலகம்தான். ஜிம்முக்குக் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கிறோமே, அதுகூட இரண்டாம் இடம்.

நம்ம ஊர்க் கிளை நூலகத்திலும் ஜூன் ஒண்ணாம் தேதி ஒரு சாயங்காலம் கூடலாமே? மேடை, மாலை, மைக் செட் எதுவும் வேண்டாம். ஜெனரல் ஷிஃப்ட் முடித்து வருகிற இருபது பேர் போதும். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. எல்லாரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இல்லை. ஆனாலும் அங்கே இருக்கிற ஒரு பெரியவரை, "ஐயா, வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டால், அவர் படித்த பள்ளிக்கூடம், அவர் ஊர் வாசிகசாலை, விட்டுவிட்டு வந்த அலமாரி என்று சொல்ல அவரிடம் விஷயம் இருக்கும்.

அவர் பேசும்போது யாராவது ஒருவர் செல்போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். 1981-ல் இருபது வயசு இளைஞராக இருந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் மனசுக்குள் இருக்கிறதும் ஒரே பிரதிதான் சார்.