சீட்டுப் பணமும் ஏழு சாமான்களும்



வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து ஏதாவது ஒரு சீட்டு கட்டுவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம்தான். 2024 மே மாதம் என் சீட்டு முடிந்து அறுபதாயிரம் ரூபாய் கைக்கு வந்தது. கல்யாணத்தில் போட்ட தோட்டை மாற்றிப் புதிதாக எடுக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த என் மகன் வந்து நின்றான்.

"அம்மா, கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தரேன்னு சொன்னியே. பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்னு சொன்னே. முடிஞ்சிடுச்சு."

சொன்னது நிஜம்தான். அன்றைக்குத் தப்பித்தால் போதும் என்று சொன்ன வார்த்தை. நாம் மறந்துவிடுவோம், பிள்ளைகள் மறப்பதில்லை.

"விளையாடறதுக்கு அறுபதாயிரமா? படிக்கிற பையன் கெட்டுப் போறதுக்கு நாமே காசு குடுக்கணுமா?" என்றார் என் கணவர். பிறகு, "உன் சீட்டுப் பணம், உன் இஷ்டம்" என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மகனை அழைத்துக்கொண்டு எங்கள் ஊரில் உள்ள ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பும் நீலமுமாய் சுற்றும் விளக்கு. கொலு மாதிரி ஜொலித்தது. "ஐ7 ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்த்து 48,000தான் அக்கா. ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுங்க, நாளைக்கே ரெடி பண்ணிடறேன்" என்றார் கடைக்காரர். பையன் முகத்தில் அத்தனை சந்தோஷம். நானும் பர்ஸைத் திறந்துவிட்டேன்.

மளிகைக் கடையில் மொத்தமாக ஒரு தொகை சொன்னால் கொடுத்துவிட்டு வருவோமா? பழக்க தோஷம், "உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானும் என்ன கம்பெனி, என்ன மாடல், என்ன விலைன்னு எழுதிக் குடுங்க தம்பி" என்று கேட்டேன்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுக்கா."

"புரியலைன்னா பரவாயில்லை. எழுதுங்க."

வேண்டா வெறுப்பாக நாலு வரி எழுதிக் கொடுத்தார். பையன் கடை வாசல்படியிலேயே நின்று செல்போனில் தேடிப் பார்த்தான். முகம் வாடிவிட்டது. அந்த ஐ7, 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை. ஜிடி 730 என்ற அந்த கார்டு 2014-ல் வந்தது. இப்போதைய பெரிய விளையாட்டுகளுக்கு அது தாங்காதாம். பழைய கம்ப்யூட்டரின் உறுப்புகளை எடுத்துப் புதுப் பெட்டியில் போட்டு, விளக்கு மாட்டி வைத்திருக்கிறார்கள்! "யோசிச்சு சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

சகோதரிகளே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ5, ஐ7 என்று சொல்வதை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை. 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-ல் வந்த ஐ5-12400, அந்தப் பழைய ஐ7-ஐ விட எவ்வளவோ வேகம்.

அன்று இரவே மகனிடம் சொன்னேன்: "நீயே சாமான் வாங்கி மாட்டிக்கறேன்னு சொன்னியே, சரி. ஆனா எதுக்கு எந்த சாமான்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லணும். புரிஞ்சாதான் பணம்." ஒரு வாரம், பாத்திரம் தேய்த்து முடித்ததும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். மொத்தம் ஏழு சாமான்கள்.

முதலில் கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுக்கான கம்ப்யூட்டரில் படத்தை வரைவது இதுதான். ஆகவே பணத்தில் பெரிய பங்கு இதற்கே. ஆர்எக்ஸ் 6600, எட்டு ஜிபி, 20,500 ரூபாய். மூன்றில் ஒரு பங்குக்கு மேலே போய்விட்டது! மயக்கமே வந்தது. "நம்ம டிவி ஃபுல் எச்டிதானேம்மா, அதுக்கு இது போதும். 4கே திரைன்னாதான் இன்னும் பெரிசு வேணும்" என்றான். பழைய கார்டு பாதி விலைக்குக் கிடைக்குமே என்றேன். சில பேர் பிட்காயின் மாதிரி டிஜிட்டல் பணம் எடுக்க, இரவு பகலாக மாசக்கணக்கில் ஓட்டிய கார்டுகளை விற்றுவிடுவார்களாம். வேண்டாம் என்று விட்டோம்.

இரண்டாவது ப்ராசஸர். ஐ5-12400எஃப், 11,500. கடைசியில் உள்ள 'எஃப்' எதற்கு என்று கேட்டேன். "இதுக்குத் தானா படம் காட்டத் தெரியாதும்மா. தனியா கார்டு இருந்தாதான் திரையில படம் வரும். அதனாலதான் விலை கொஞ்சம் கம்மி" என்றான். நாம்தான் கார்டு வாங்குகிறோமே, அப்புறம் என்ன? சூடு தணிக்கும் விசிறியும் அதே டப்பாவில் வருகிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, எல்லாவற்றையும் தாங்கும் மதர்போர்டு, 7,000. ப்ராசஸருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான்காவது ராம், 16 ஜிபி, 3,500. பதினாறு ஒன்றாக வாங்காமல், எட்டு எட்டாக இரண்டு வாங்கினால் வேலை வேகமாக நடக்கும். போர்டு டிடிஆர்4 என்றால் ராமும் டிடிஆர்4தான். டிடிஆர்5 வாங்கி வந்தால் உள்ளேயே நுழையாது. ஐந்தாவது எஸ்எஸ்டி, 5,500. ஒரு விளையாட்டே நூறு ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கிறதாம். அதனால் ஒரு டிபி.

ஆறாவது எஸ்எம்பிஎஸ். மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. இதில்தான் பையன் மிச்சம் பிடிக்கப் பார்த்தான். ஆயிரத்துக்கும் கிடைக்கும், நாலாயிரத்துக்கும் கிடைக்கும், ரெண்டிலும் 550 வாட்ஸ் என்றே எழுதியிருக்கும் என்றான். அந்த இடத்தில் நான் விடவில்லை. "வீட்டுக்கு ஒயரிங் பண்ணும்போது மட்டமான ஒயர் போடுவோமாடா? இது கெட்டா கூட இருக்கிற ஆறையும் சேர்த்துக் கெடுக்கும்" என்றேன். யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டான். நல்ல கம்பெனியில், 80 ப்ளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளதாக, 4,000.

ஏழாவது, இவற்றை வைக்கும் கேபினெட். விளக்குகள் சுற்றும் கண்ணாடிப் பெட்டி ஆறாயிரம். காற்று நன்றாகப் போய் வரும் சாதாரணப் பெட்டி 2,500. விளக்கைத் தியாகம் செய்தான். மொத்தம் 54,500. கீபோர்டு, மவுஸ் 1,200. மானிட்டர் வாங்காமல் ஹாலில் இருக்கும் டிவியிலேயே மாட்டிக்கொள்வது என்று முடிவு.

காட்பாடியில் காலை ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, அண்ணா சாலை பக்கம் உள்ள ரிச்சி தெருவுக்குப் போனோம். நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்து அந்தப் பகுதி முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள்தான். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பழகிய நமக்கு அதெல்லாம் ஒரு கூட்டமா! ஒரே லிஸ்டை நாலு கடையில் கொடுத்து விலை கேட்டோம். ஒரு கடையில் "கேபினெட் வாங்கினா எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ மேடம்" என்றார்கள். இன்னொரு கடையில், "பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாம்" என்றார்கள். இரண்டுக்கும் கும்பிடு போட்டோம். கம்ப்யூட்டர் சாமானுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பது வயிற்றெரிச்சல்தான். ஆனால் பில் இல்லாமல் வாரண்டி கேட்டு எங்கே போய் நிற்பது? எல்லா டப்பாக்களையும் பில்லோடு பரணில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் சாப்பாட்டு மேஜை காலி செய்யப்பட்டது. ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான். கையில் உள்ள மின்னூட்டம் போக, அவ்வப்போது இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டான். ப்ராசஸரை வைத்துக் கொக்கியை அழுத்தும்போது 'கரக்' என்று ஒரு சத்தம். பதினோராயிரம் போச்சே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படித்தான் சத்தம் வருமாம்!

சாயங்காலம் எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டான். விசிறி சுற்றுகிறது. டிவியில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ராமைக் கழற்றி மாட்டினான். கார்டைக் கழற்றி மாட்டினான். மணி ஒன்பதாகிவிட்டது. பையன் கண்ணில் தண்ணீர். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததே எனக்கு நெஞ்சைப் பிசைந்தது. அறுபதாயிரம் ரூபாய், சகோதரிகளே.

பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். டிவி ஒயர் மேலே, போர்டில் இருந்த ஓட்டையில் செருகியிருந்தது. அதே மாதிரி ஓட்டை கீழே கார்டிலும் இருந்தது.

"ஏண்டா, எஃப்னா படம் காட்டத் தெரியாது, கார்டுதான் காட்டும்னு சொன்னியே. அப்புறம் ஒயரை ஏன் மேலே குத்தியிருக்கே?"

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். ஒயரைப் பிடுங்கிக் கீழே செருகினான். டிவி பளிச்சென்று எரிந்தது! என்னைக் கட்டிக்கொண்டு அவன் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு மாமி என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்.

ஒன்றை நாங்கள் கணக்கில் மறந்துவிட்டோம். விண்டோஸுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டும். அதையும் முன்னாலேயே லிஸ்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னது 2024 விலை. 2025 கடைசியில் ராம், எஸ்எஸ்டி விலையெல்லாம் ரொம்பவே ஏறிவிட்டது. ஆகவே வாங்கும் அன்றைய விலையை நாலு இடத்தில் விசாரியுங்கள்.

இப்போது மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். விளையாடுகிறானா என்றால், விளையாடுகிறான்தான். இரவு பத்து மணியோடு சரி என்று பேச்சு. பத்தரை ஆகும் நாளும் உண்டு. ஆனால், எதற்கு என்ன செலவு, எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதை அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான். ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவன், இப்போது தானாகவே அடுப்படிக்கு வந்து நின்று பேசுகிறான்.

தோடு இன்னும் மாற்றவில்லை. ஆனால் அந்த வருஷ தீபாவளி போனஸில் என் கணவரே ஒரு மானிட்டர் வாங்கி வந்தார். பையன் மேல் பாசமா, நியூஸ் பார்க்க டிவி வேண்டுமென்றா என்று நான் கேட்கவில்லை.

பிள்ளைகள் கேட்பது நமக்குத் தெரியாத சாமானாக இருக்கலாம். அதற்காக ஒரேயடியாக "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பணத்தையும் எடுத்து நீட்டிவிடாதீர்கள். "என்னென்ன சாமான், எதுக்கு, எவ்வளவு?" என்று எழுதிக் கேளுங்கள். லிஸ்ட் போடுவதில் நம்மை யாரால் மிஞ்ச முடியும்?

— ஒரு வாசகி, வேலூர்.